சமவெளியில் ஒரு கைலாசம்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் இல்லங்களில் ஒரு மகாநாடு கூடுவது வழக்கம். எங்கள் வீட்டு மகாநாட்டில் சென்ற வருஷம் நான்கு கட்சிகள் இருந்தன. குழந்தைகள் மலைக் கட்சி. நீலகிரியின் மேற்கு விளிம்பிலுள்ள முக்குருத்தி தேசியப் பூங்காவைப் பற்றி அவர்கள் எங்கேயோ படித்திருந்தார்கள். எழுபத்தெட்டுச் சதுர கிலோமீட்டர் மலைக்காடு, சோலை, புல்வெளி, செங்குத்துப் பாறைகளில் நிற்கும் வரையாடு என்று ஒரே பாராயணம். என் தாயார் க்ஷேத்திரக் கட்சி. வீட்டு எஜமானி பட்டுக் கட்சி. ஆவணியில் அவள் தங்கைக்குக் கல்யாணம். பணப்பையின் சொந்தக்காரனாகிய நான் ஒருவனே எங்கும் போக வேண்டாம் என்ற கட்சி. ஆகையால் என் பேச்சு எடுபடவில்லை.

கடைசியில் சமரசத் தீர்மானம் ஒன்றை நானே கொண்டுவந்தேன். "மலையும் குகையும் சிங்கமும் உள்ள ஓர் இடம் இருக்கிறது. அதைச் சுற்றிலும் கோயில்கள். கோயில்களைச் சுற்றிலும் பட்டுத் தறிகள். சென்னையிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர்தான்" என்றேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிற்று. அந்த இடம் பெரிய காஞ்சிபுரம் என்பதை ரயில் நகரும் வரையில் நான் குழந்தைகளிடம் சொல்லவில்லை.

"காஞ்சிபுரத்தில் ஏது அப்பா மலை?" என்றான் பையன். பூகோளப்படி அவன் கேட்டது சரி. வேகவதிக்கும் பாலாற்றுக்கும் இடையே ஊர் தட்டாமாலை சுற்றினாலும் இடறாத சமதரை. ஆனால் மலை இல்லாத ஊரில் மலையைக் கட்டிவிட்டான் ஓர் அரசன். அதைக் காட்டத்தான் அழைத்துப் போனேன்.

மலையும் சிங்கங்களும்

முதல் நாள் மாலையே போய்த் தங்கிவிட்டோம். கைலாசநாதர் கோயிலுக்கு விடியற்காலையில் போக வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பெரிய காஞ்சிபுரத்தின் மேற்குக் கோடியில், வீதிகளின் சந்தடி ஓய்ந்துபோகும் இடத்தில் அது இருக்கிறது. கிழக்கே சூரியன் எழும்பியதும் மணற்கல்லின் மேல் வெயில் படிகிறது. சாம்பல் நிறமாயிருந்த கல் மெள்ள மெள்ளத் தேன் நிறமாகிறது. அடியில் அகன்று, தளத்துக்குத் தளம் ஒடுங்கி, சிகரத்தில் குவிந்து நிற்கும் விமானத்தை அந்த வேளையில் பார்த்தவர்கள், இதற்குக் கைலாசம் என்று ஏன் பெயர் வந்தது என்று யாரையும் கேட்க மாட்டார்கள்.

கி.பி. 700 முதல் ஏறக்குறைய 728 வரை ஆண்ட இரண்டாம் நரசிம்மவர்மன் எழுப்பிய கோயில் இது. ராஜசிம்மன் என்பது அவன் பட்டப் பெயர். அரசர்களுக்குள் சிங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டவன் சும்மா இருப்பானா? தூணுக்குத் தூண் ஒரு சிங்கத்தை நிறுத்திவிட்டான். பின்னங்கால்களில் எழுந்து, பாயப்போகும் பாவனையில் வரிசை வரிசையாக நிற்கின்றன. பையன் எண்ண ஆரம்பித்தான். ஒரு மூலை திரும்புவதற்குள் கணக்குத் தவறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினான், மறுபடி தவறிற்று. வரையாட்டைப் பற்றி அன்று முழுவதும் அவன் பேசவேயில்லை.

பிராகாரத்தைச் சுற்றிலும் ஐம்பத்தெட்டுச் சிறு சந்நிதிகள். பெரியவர்கள் குனிந்துதான் எட்டிப் பார்க்க முடியும். குழந்தைகளுக்கு அவையே குகைகள். சுவர்களில் ராஜசிம்மனுடைய விருதுப் பெயர்கள் அழகான எழுத்துக்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சில குகைகளில் பழைய ஓவியங்களின் மிச்சம் தெரிகிறது: இங்கே ஒரு முகம், அங்கே ஒரு கை, ஒரு கிரீடத்தின் பாதி. சுண்ணாம்புப் பூச்சுக்குள் நெடுங்காலம் ஒளிந்திருந்த இந்த வர்ணங்களை 1931-இல் உலகுக்கு எடுத்துக் காட்டியவர் புதுச்சேரியில் ஆசிரியராயிருந்த பிரெஞ்சுப் பண்டிதர் ழூவோ துப்ரேய். முன்புறத்திலுள்ள சிறு கோயில்களின் வரிசையில் ஒன்றை ராஜசிம்மனின் ராணி ரங்கபதாகை கட்டுவித்தாள் என்று கல்வெட்டு கூறுகிறது. இதைக் கேட்டதும் எங்கள் வீட்டு எஜமானி அந்தச் சிறு கோயிலை இரண்டு முறை சுற்றி வந்தாள்.

கருவறையில் பதினாறு பட்டை தீட்டிய பெரிய லிங்கம். அதைச் சுற்றி வருவதற்குக் குறுகலான வழி ஒன்று உண்டு. அதன் வாயிலில் தவழ்ந்துதான் போக வேண்டும். அப்படிப் போய் வந்தால் மறுபிறவி இல்லை என்பது ஐதிகம். என் தாயார் எழுபது வயதில் தவழ்ந்து போய் வந்துவிட்டார். நான் அடுத்த பிறவியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

தாயாருக்குத் தெரிந்த கதை ஒன்றும் அங்கே வெளிவந்தது. பெரிய புராணத்தில் வரும் பூசலார் நாயனாரின் கதை. கையில் காசில்லாத பூசலார் திருநின்றவூரில் மனத்துக்குள்ளேயே கல் சுமந்து, விமானம் எடுத்து, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் மன்னன் தன் கற்கோயிலுக்கு நாள் பார்த்திருந்தான். இறைவன் அவன் கனவில் தோன்றி, "நாளைக்கு நான் பூசலின் கோயிலுக்குப் போக வேண்டும், நீ வேறு நாள் வைத்துக்கொள்" என்றாராம். அந்த மன்னன் ராஜசிம்மன்தான் என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். இவ்வளவு பெரிய மலையைக் கட்டியவனுக்குத் தமிழ் மக்கள் சொல்லி வைத்த கதை, அதைவிடப் பெரிய கோயில் ஓர் ஏழையின் நெஞ்சில் இருந்தது என்பது!

பகைவன் செய்த காரியம்

ஆனால் இந்தக் கோயிலில் எனக்கு மிகவும் பிடித்தது சிங்கமும் அல்ல, சித்திரமும் அல்ல. மண்டபத் தூண் ஒன்றில் கன்னட எழுத்தில் உள்ள ஒரு கல்வெட்டு.

பல்லவருக்கும் வாதாபிச் சளுக்கருக்கும் பரம்பரைப் பகை. பல்லவர் ஒரு சமயம் வாதாபியைக் கைப்பற்றியது நம் பள்ளிக் குழந்தைகளுக்கெல்லாம் தெரியும். அதற்குப் பழி தீர்க்க, 740-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சளுக்க மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். வென்றவன் என்ன செய்வான்? கொளுத்துவான், இடிப்பான், பொக்கிஷத்தை வாரிக்கொண்டு போவான். விக்கிரமாதித்தன் இந்தக் கோயிலுக்கு வந்தான். இதன் செல்வத்தைப் பார்த்தான். அதை எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்தான். அந்தச் செய்தியைத்தான் தன் மொழியில் இங்கே பொறித்து வைத்துப் போனான்.

மலையைக் கொண்டுபோக முடியாது. ஆனால் அதன் நினைவைக் கொண்டுபோகலாம் அல்லவா? அவனுடைய ராணி லோகமகாதேவி, கணவனின் காஞ்சி வெற்றிக்கு அறிகுறியாகக் கன்னட நாட்டுப் பட்டடக்கல்லில் ஒரு கோயில் எடுத்தாள். இன்று விரூபாக்ஷர் கோயில் என்று வழங்கும் அதில் காஞ்சிக் கைலாசநாதரின் சாயல் பளிச்சென்று தெரிகிறது. பின்னர் சளுக்கரை வென்ற ராஷ்டிரகூடரில் முதலாம் கிருஷ்ணன், எல்லோராவில் ஒரே பாறையைக் குடைந்து உலகம் வியக்கும் கைலாசத்தை உண்டாக்கினான். அதன் அமைப்பில் பட்டடக்கல்லின் சாயலைக் காண்கிறார்கள் சிற்ப சாஸ்திரம் அறிந்தவர்கள். காஞ்சியின் மலை இவ்விதம் தமிழகத்திலிருந்து கர்நாடகத்துக்கும், அங்கிருந்து மராட்டியத்துக்கும் பிரயாணம் செய்திருக்கிறது. படையெடுத்து வந்தவன்தான் அதற்கு வழித்துணை.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கையில் பையன் ஒரு சிங்கத்தின் மேல் கையை ஊன்றியிருந்தான். கையை எடுத்து என்னிடம் நீட்டினான். உள்ளங்கை முழுதும் மெல்லிய மணல்.

"அப்பா! சிங்கம் உதிர்கிறது!"

மணற்கல்லின் குணம் அது. அடித்தளத்துக்குக் கருங்கல் வைத்த சிற்பிகள், உளிக்கு இணங்குகிறது என்று மேலே மணற்கல்லை எடுத்துக்கொண்டார்கள். உளிக்கு இணங்கியது மழைக்கும் காற்றுக்கும் இணங்குகிறது. இடையில் வந்தவர்கள் சுண்ணாம்பு பூசிக் காப்பாற்றப் பார்த்தார்கள். பூச்சில் பல முகங்களின் நயம் மறைந்துபோயிற்று. இன்று தொல்பொருள் துறையார் பராமரித்து வருகிறார்கள். ஆனால் சாய்ந்துகொள்ளும் தோளையும், தடவிப் பார்க்கும் விரலையும், பெயர் கிறுக்கும் ஆணியையும் எந்தத் துறை தடுக்க முடியும்? காட்டிலே விலங்கைத் தொந்தரவு செய்யாதே என்றால் நாம் ஒப்புக்கொள்கிறோம், அது கடிக்கும் என்ற பயத்தால். கல் சிங்கம் கடிப்பதில்லை. பகைவன் கை வைக்காமல் விட்டுப்போனதை நாம் ஆசையாகத் தொட்டுத் தொட்டே தேய்த்துவிடுவோமோ என்று நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. இத்தனை வருஷங்களில் நானும் எத்தனையோ தூண்களில் சாய்ந்திருக்கிறேன்.

மலையைச் சுற்றி

கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். ஆகையால் யாத்திரிகர்கள் காலையில் சுறுசுறுப்பாயிருக்க வேண்டும். கைலாசத்திலிருந்து கிழக்கே திரும்பினால் ஏகாம்பரநாதர் கோயில். 1509-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ராஜகோபுரம் ஏறக்குறைய 190 அடி உயரம். கழுத்து வலிக்கும் வரையில் பார்க்கலாம். உள்ளே மண்ணால் ஆன பிருத்வி லிங்கமும், ஊருக்கெல்லாம் தெரிந்த மாமரத்தின் ஸ்தலமும். காமாக்ஷி அம்மன் சந்நிதியில் தாயார் நகர மறுத்தார். அருகிலேயே உலகளந்த பெருமாள்; சந்நிதிக்குள் நுழைந்து தலையை நிமிர்த்தினால், ஒரு காலைத் தூக்கி விண்ணை அளக்கும் முப்பத்தைந்து அடி உயர மூர்த்தியின் முன் நாம் எறும்பாகிவிடுகிறோம். ஆமையுருவில் திருமால் சிவனைப் பூஜித்த கச்சபேசுவரர் கோயிலும் நடந்து போகிற தூரந்தான்.

சரித்திரத்தில் ருசி உள்ளவர்கள் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். மூன்று தளங்களில் நின்றும் இருந்தும் கிடந்தும் பெருமாள் சேவை சாதிக்கிறார். சுற்று மண்டபத்தின் சுவரிலே பல்லவ வம்சத்தின் கதை முழுவதும் செதுக்கப்பட்டிருக்கிறது. அரசுக்கு வாரிசு இல்லாமல் போனபோது, பெரியோர்கள் தேடிச் சென்று ஒரு பன்னிரண்டு வயதுப் பாலகனை அழைத்து வந்து முடி சூட்டிய காட்சியும் அதில் உண்டு. அவன்தான் இந்தக் கோயிலைக் கட்டிய இரண்டாம் நந்திவர்மன். விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தது இவன் காலத்தில்தான்.

தறியில் ஒரு கோபுரம்

மாலையில் பட்டுக் கட்சிக்கு முறை வந்தது. கடைக்குப் போவதற்கு முன்னால் தறியைப் பார்க்க வேண்டும் என்று நான் ஒரு நிபந்தனை போட்டேன். கைலாசநாதர் கோயிலுக்குப் போகும் திசையிலேயே பிள்ளையார்பாளையம் இருக்கிறது. அங்கே ஒரு நெசவாளர் தம் வீட்டுக்குள் அழைத்து, குழித்தறியில் உட்கார்ந்து நெய்து காட்டினார். உடலுக்கு ஒரு வர்ணம், கரைக்கு வேறு வர்ணம். இரண்டையும் தனித்தனி ஊடையால் நெய்துகொண்டே ஒன்றோடொன்று கோத்துப் போவதற்குக் கோர்வை என்று பெயர். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். கை கொடுக்கப் பக்கத்தில் இன்னொருவரும் வேண்டும். உடலின் பாவு முடிந்து முந்தியின் பாவு தொடங்கும் இடத்தில் இழைக்கு இழை முடிச்சிட்டு இணைப்பது பெட்னி. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்குப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும்.

காஞ்சிப் பட்டுக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆயினும் போலிக்கும் அதே பளபளப்பு உண்டு, விலையும் மலிவு. அதனால் நஷ்டப்படுவது கோர்வை போடும் கை. "என் பிள்ளை தறியில் உட்காரவில்லை" என்றார் அந்தப் பெரியவர். குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொன்னார்.

சேலையின் கரையில் முக்கோணம் முக்கோணமாக ஒரு வரிசை ஏறி நின்றது. "இது என்ன?" என்று கேட்டாள் பெண். "கோபுரம், அம்மா" என்றார் அவர். பெண் அதைத் தொடக் கையை நீட்டினாள். பையன் சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவர் சிரித்தார்: "தொடலாம், தம்பி. இது உதிராது. தொட்டுப் பார்த்தால்தானே நெசவு தெரியும்?"

எஜமானி சேலையின் உள்பக்கத்தைத் திருப்பி, கோர்வை சேரும் இடத்தைத் தடவிப் பார்த்து, தங்கைக்கு அரக்கு வர்ணத்தில் ஒன்று வாங்கினாள். பணப்பைக் கட்சி அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

ரயிலில் திரும்பும்போது, "அடுத்த கோடைக்கு வரையாடா?" என்று கேட்டேன். பையன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மணலை எப்போதோ கழுவியாயிற்று. "மறுபடியும் இங்கேயே வரலாம், அப்பா. சிங்கங்களை எண்ணி முடிக்கவில்லையே" என்றான். "தொடாமல் எண்ணுவேன்" என்றும் சேர்த்துக்கொண்டான்.