மாற்றுச் சிறுநீரகமும் பெண்ணின் மாதக் கணக்கும்

சிறுநீரகம் கழிவை அகற்றும் உறுப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். பெண்ணின் மாதவிடாய், எலும்பின் உறுதி, இரத்தத்தில் உள்ள சீனி ஆகியவற்றிலும் அதற்குப் பங்குண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. அக்கா தந்த சிறுநீரகத்தோடு தர்மபுரத்தில் வாழும் எனக்கு என் உடம்பே இதைப் படிப்பித்தது.

சிறுநீரகம் செயலிழந்திருந்த காலத்தில் எனக்கு மாதவிடாய் நின்றுபோயிருந்தது. அந்த நிலையில் புரோலக்ரின் என்ற ஹோர்மோன் இரத்தத்தில் கூடிவிடும். மூளையிலிருந்து சூலகத்துக்குப் போகும் கட்டளையும் குழம்பும். முட்டை ஒழுங்காக முதிராது. சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் மாதம் மாதவிடாய் திரும்பியது. மாமிக்குப் பெரிய சந்தோசம். "இனியென்ன பிள்ளை, ஒரு பேரப்பிள்ளையைக் காணலாம்" என்றா.

இங்கேதான் கவனம் தேவை. முதல் மாதவிடாய் வரும் முன்னரே முட்டை வெளிவரலாம். கரு தங்கவும் கூடும். நம்மில் பலர் பாவிக்கும் மைக்கோபீனோலேற் என்ற குளிசையோ கருவைக் கலைக்கும், பிள்ளைக்கு அங்கக் குறைபாட்டை ஏற்படுத்தும். வைத்தியர் அதை மாற்றித்தந்து ஆறு கிழமையாவது கழிய வேண்டும். சத்திரசிகிச்சை முடிந்தும் குறைந்தது ஒரு வருடமாவது பொறுக்க வேண்டும். அதுவரை எந்தக் கருத்தடை முறை பொருத்தம் என்பதை வைத்தியரிடம் கூச்சமின்றிக் கேளுங்கள்.

தாய்மை கைகூடாத ஒன்றல்ல. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் 1956இல் எடித் ஹெல்ம் என்ற பெண் தன் இரட்டைச் சகோதரியின் சிறுநீரகத்தைப் பெற்று, 1958இல் ஆரோக்கியமான பிள்ளையைப் பெற்றெடுத்தார். அவர்கள் உருவொத்த இரட்டையர் என்பதால் எதிர்ப்புச்சக்தியை அடக்கும் மருந்து அவருக்குத் தேவைப்படவில்லை. நமக்கு அது வாழ்நாள் முழுதும் வேண்டும்.

அந்த மருந்துகளால்தான் அடுத்த சிக்கல் வருகிறது. பிரட்னிசொலோன் இன்சுலினின் வேலையைத் தடுக்கும். ரக்ரொலிமஸ் இன்சுலின் சுரப்பதையே குறைக்கும். முன்பு சலரோகம் இல்லாதவருக்கும் அது புதிதாக வரலாம். எனக்கும் வந்தது. காலையில் வெறும் வயிற்றில் பார்த்தபோது சீனி அளவாக இருந்தது. பின்னேரம் பார்த்தபோது கூடியிருந்தது. காலையில் போடும் பிரட்னிசொலோனின் தாக்கம் மத்தியானத்துக்குப் பிறகே அதிகம் தெரியும். ஆகவே ஆரம்ப மாதங்களில் பின்னேரச் சீனியையும் பார்க்கும்படி கேளுங்கள்.

இந்த மருந்து பசியைக் கூட்டும், முகத்தை உருட்டும், எலும்பைத் தேய்க்கும். "நல்லாய்த் தேறிட்டாய்" என்று ஊரார் சொன்னபோது என் நிறை ஒன்பது கிலோ ஏறியிருந்தது. முகம் ஊதுகிறதே என்று வெட்கப்பட்டு, குளிசையைத் தாமாகக் குறைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் உடல் அந்தச் சிறுநீரகத்தையே நிராகரித்துவிடும். அளவைக் குறைப்பது வைத்தியரின் வேலை. சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டுவதும், பின்னேரம் அரை மணித்தியாலம் நடப்பதும் நம் வேலை.

இப்போது என் சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது. குளிசையை மாற்றுவது பற்றி அடுத்த கிளினிக்கில் பேச இருக்கிறோம். கணவரையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன். இது இருவரும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி.