வாடிவாசலில் ஒரு லென்ஸ்

கந்தர்வகோட்டை வட்டத்துத் தச்சங்குறிச்சியில் தேவாலயப் புத்தாண்டு விழாவையொட்டி நடைபெறும் ஜல்லிக்கட்டே பெரும்பாலும் தமிழ்நாட்டில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டாக அமைகிறது. அதைப் படம் பிடிக்க வருகிற புகைப்படக்காரர்களிற் பலர் கையில் இருப்பவை காமிராக் கம்பெனியே செய்த லென்ஸ்கள் அல்ல, டாம்ரான், சிக்மா முதலிய பிற கம்பெனிகள் செய்தவை என்று புதுக்கோட்டை நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டபோது, அந்தக் கருவிகளையும் அவற்றால் ஜீவனம் நடத்துகிறவர்களையும் நேரிற் காணவேண்டும் என்ற ஆவல் எனக்கு உண்டாயிற்று.

நண்பர் அறிமுகப்படுத்திய புகைப்படக்காரர் நாற்பது வயதைக் கடந்தவர். பிலிம் காலத்தில் ஸ்டூடியோ ஒன்றில் ரோல் மாற்றிக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்து, லைட் பிடித்து, பிறகு வீடியோ எடுத்து, கடைசியில் சொந்தமாகக் காமிரா பிடிக்கத் தொடங்கியவர். முகூர்த்த மாதங்களில் கல்யாணம், இடையிடையே காதுகுத்தும் புதுமனைப் புகுவிழாவும், தை பிறந்தால் மாடு என்று அவருடைய வருஷம் ஓடுகிறது. அவர் பையிலிருந்து முதலில் வெளிவந்தது டாம்ரானின் 150-600 மில்லிமீட்டர் லென்ஸ். 2013ஆம் ஆண்டின் இறுதியில் அந்தக் கம்பெனி அறிவித்த இந்த வகை வருமுன், 600 மில்லிமீட்டர் என்பது லட்சக்கணக்கில் பணம் உள்ளவர்களுக்கே எட்டும் தூரமாயிருந்தது.

“ஒரிஜினல் வாங்கணும்னா நிலத்தை அடமானம் வைக்கணும் சார். இது செகண்ட் ஹேண்டு. வீட்டுல தோட்டைக் கழட்டிக் கொடுத்தாங்க, அதுலயே முடிஞ்சிருச்சு” என்றார்.

அந்த லென்ஸை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். ஏறக்குறைய இரண்டு கிலோ எடை. ஜூம் செய்யும்போது அதன் குழல் முன்னோக்கி நீள்கிறது; நீண்டு சுருங்கும் ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளே இழுப்பதால், களத்தில் பரப்பிய தேங்காய் நார்க்கழிவின் தூளும் செம்மண் புழுதியும் கூடவே புகுந்துவிடும் என்று அவர் விளக்கினார். கீழ்நோக்கிப் பிடித்தால் பாரத்தால் குழல் தானே இறங்காதிருக்கச் சைக்கிள் டியூபிலிருந்து ஒரு பட்டை வெட்டி இறுக்கமாக மாட்டியிருந்தார். அவருடைய காமிராவின் உடல், அதாவது பாடி, கேனான். கேனான் லென்ஸில் ஜூம் வளையம் ஒரு பக்கம் திரும்பினால் டாம்ரானில் அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பும். மாடு வாடிவாசலை விட்டுப் பாயும் கணத்தில் யோசிக்க அவகாசம் ஏது? பல மாதம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் போகும் வண்டிகளைப் பிடித்துப் பிடித்தே கையைப் பழக்கினாராம்.

போகஸ் பற்றியும் அவர் ஒரு பரீட்சை நடத்திக் காட்டினார். செய்தித்தாளைச் சாய்வாக நிறுத்தி, நடுவரி ஒன்றில் போகஸ் வைத்து, லென்ஸை முழுதும் திறந்து படம் எடுத்தார். திரையில் பெரிதாக்கியபோது கூர்மையாகத் தெரிந்தது அந்த வரியன்று, அதற்கு முன்னிருந்த வரி. பாடியின் மெனுவில் போகஸைத் திருத்தும் எண்ணை மாற்றி மாற்றி, குறித்த வரியே துலங்கும் வரையில் அவர் விடவில்லை.

பிற கம்பெனி லென்ஸ்களில் இப்படிப் போகஸ் பிசக ஒரு காரணம் உண்டு. பாடியும் லென்ஸும், இரண்டும் பொருந்தும் வாயான மவுண்டிலுள்ள மின்தொடர்புகள் வழியே பேசிக்கொள்கின்றன. அந்தப் பரிபாஷையைக் காமிராக் கம்பெனி வெளியிடாவிட்டால், மற்றவர்கள் அதை ஆராய்ந்து ஊகித்துத்தான் லென்ஸ் செய்யவேண்டும். சோனி 2011ஆம் ஆண்டிலேயே தன் ஈ-மவுண்டின் அடிப்படை விவரங்களைச் சிக்மா, டாம்ரான் முதலிய கம்பெனிகளுக்கு அளிக்க முன்வந்தது. கேனானோ, தன் ஆர்எப் மவுண்டுக்கு ஆட்டோபோகஸ் லென்ஸ் செய்த வில்ட்ராக்ஸ் என்ற கம்பெனியை 2022இல் காப்புரிமையைக் காட்டி நிறுத்தச் செய்தது. 2024இல்தான் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும், அதுவும் சிறிய சென்ஸார் காமிராக்களுக்கு மட்டும், வழிவிட்டது. உரிமையாளர் கதவைச் சாத்தினால் அந்தச் செலவு தச்சங்குறிச்சியில் நிற்கிறவன் தலையில்தான் விடிகிறது.

இவற்றினும் என் மனத்தை வருத்தியது இடைத்தரகர்களின் செயல். பெரிய நகரங்களில் கல்யாணத்தை மொத்தமாக ஒப்பந்தம் பேசிக்கொண்டு, புதுக்கோட்டைக்காரரை நாள் கூலிக்கு அமர்த்தும் சிலர், “என்ன லென்ஸ்?” என்று முதலில் கேட்டு, பெயரைக் கேட்டதும் கூலியைக் குறைக்கிறார்கள், அதே லென்ஸில் எடுத்த படத்தையே தங்கள் முத்திரையிட்டு முழுவிலைக்கு விற்கிறார்கள். கருவியின் பெயரைச் சொல்லி உழைப்பின் மதிப்பை அறுக்கும் இந்த வியாபாரம் அதர்மம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த உழைப்பு எளிதன்று: 2019இல் விராலிமலை ஜல்லிக்கட்டில் ஒரே நாளில் 1,300க்கு மேற்பட்ட காளைகள் அவிழ்க்கப்பட்டன. அத்தனை நேரம் இரண்டு கிலோவைத் தூக்கிப்பிடிக்கும் தோளுக்கு எந்தக் கம்பெனி முத்திரையும் துணை வராது.

அவர் காட்டிய படங்களில், கொம்பின் நுனியில் ஒட்டிய நார்த்தூள்கூடத் தனித்தனியே தெரிந்தது. எந்த லென்ஸ் என்று படம் சொல்லவில்லை. எடுத்தவரின் சிரத்தையைத்தான் சொல்லிற்று. ஆகவே, வீட்டு விசேஷத்துக்குப் புகைப்படக்காரரைப் பேசப்போகும் வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: லென்ஸின் பெயரைக் கேளாதீர்கள், அவர் எடுத்த படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், கூடுமானவரை நடுவில் ஆள் வைக்காமல் நேரே பேசுங்கள், ஆல்பம் கைக்கு வந்த அன்றே பாக்கியைத் தீர்த்துவிடுங்கள்.