இரண்டு பேணித் தண்ணீர்

குறிகட்டுவானில் ஏறிய படகு ஒரு மணி நேரம் ஆட்டிக் குலுக்கி நெடுந்தீவில் இறக்கிவிட்டபோது, உதட்டை நக்கினால் உப்பு. பவளக்கல் வேலி, மட்டக்குதிரை, பெருக்குமரம் பற்றியெல்லாம் எழுத ஆளிருக்கிறது. நான் தண்ணீர் பார்க்கப் போனவன். இராமநாதபுரத்தில் பிறந்தவனுக்குப் புத்தி அப்படித்தான் போகும்.

தங்கிய வீட்டு அம்மா இரண்டு சில்வர் பேணிகளை முன்னால் வைத்தார். "முதல் இதைக் குடிச்சுப் பாருங்கோ தம்பி." வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். நாக்கோரத்தில் சவர் பிடித்தது. அதில் சவுக்காரம் லேசில் நுரைக்காது. கேத்தல் அடியில் சுண்ணாம்பு வெள்ளையாய் ஒட்டியிருந்தது. "வெளியூர் ஆக்கள் காய்ச்சிக் குடிக்கப் பாப்பினம். காய்ச்சினால் போறது தண்ணி, உப்பு கிடக்கும்" என்று சிரித்தார்.

தீவில் ஆறில்லை. சுண்ணக்கல் தரையில் பெய்யும் மழை கீழே இறங்கி, தன்னைவிடக் கனமான கடல்நீரின்மேல் வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே 40 அடி இருக்கும் என்பது கணக்கு. கேட்க இனிக்கிறதா? மோட்டார் போட்டு மேலே ஓரடியைக் குறைத்தால், அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறிவரும். சாராப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகள் நல்ல தண்ணிக்குப் பேர்போனவை. எல்லா வீட்டுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

இரண்டாவது பேணியில் உவர்நீக்கி நிலையத்துத் தண்ணீர். அப்பழுக்கில்லை, சொல்லப்போனால் சப்பென்றிருந்தது. நடுவில் சவ்வு இருந்தால் நல்ல தண்ணீர் தானாகவே உப்புப் பக்கம் ஓடும். அதை எதிர்த்து உப்புப் பக்கமிருந்து அழுத்தினால், தண்ணீர் மட்டும் திரும்பி வரும். கடல்நீரைப் பிழிய வளியழுத்தத்தைப்போல 50, 60 மடங்கு அழுத்தம் வேண்டும். சவர்க் கிணற்றுக்கு அதில் ஒரு பங்கு போதும். 1960 வாக்கில் கலிபோர்னியாவில் லோப் என்பவரோடு சேர்ந்து அதற்குத் தோதான சவ்வைச் செய்தவர் இந்தியாவில் பிறந்த சௌரிராஜன். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயர்! எனக்கு அந்தச் சப்பென்ற தண்ணீரும் கொஞ்சம் இனித்தது அப்போதுதான்.

ஆனாலும் அந்த அம்மா தேத்தண்ணிக்கு மட்டுமே அதை எடுக்கிறார். குளிக்க, கழுவ எல்லாம் கிணறுதான். வாசலில் கோடையில் குதிரைகளுக்கென்று ஒரு தொட்டி. அதையும் அந்தக் கிணற்றில் கையால் இறைத்தே நிரப்புகிறார். போகிறவர்கள் தயவுசெய்து ஒரு வாளியில் குளித்து முடியுங்கள்.