எந்த அருவிக்குப் போவோம்?

கிறிஸ்து பிறப்பு விழா இனிதே முடிந்து, வீட்டுக் குடில் இன்னும் கலைக்கப்படாமல் இருக்கும் நாட்களில், வாசுதேவநல்லூர் வட்டாரத்துக் குடும்பங்களில் ஆண்டுதோறும் எழும் கேள்வி ஒன்று உண்டு. "எந்த அருவிக்குப் போவோம்?" என்பதே அது. பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை. வெளியூர்களில் பணிபுரிவோர் வீடு வந்து சேர்ந்திருக்கும் வேளை. மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மேகம் கவிந்த மலைத்தொடர். போகாமல் இருக்க மனம் வருமா?

மேலைநாட்டுக் குடும்பங்களும் இதே நாட்களில் இதையொத்த கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்கின்றன. ஆல்ப்ஸ் மலைகளில் பனிச்சறுக்கு விளையாடப் புறப்படும் அவர்கள், அருகருகே நிற்கும் மலைகளுள் எதனைத் தேர்வது என்று நெடுநேரம் கலந்து பேசுவர். ஐரோப்பாவில் சறுக்குப் பாதைகளுக்கு நிறம் குறித்து வைத்திருக்கிறார்கள். நீலம் எளிய சரிவு, சிவப்பு நடுத்தரமானது, கறுப்பு நன்கு தேர்ந்தவர்களுக்கு மட்டும் உரியது. பனி சரிந்து விழும் ஆபத்தையும் 1 முதல் 5 வரை எண்ணிட்டு நாள்தோறும் அறிவிக்கின்றனர். நம் நாட்டிலும் காஷ்மீரத்துக் குல்மார்க்குக்கும், உத்தராகண்டத்து அவுலிக்கும் இதற்கெனவே செல்வோர் உளர்.

நம் மலையில் பனிச்சரிவு இல்லை, நீர்வீழ்ச்சிகள் உண்டு. ஒரே மலைத்தொடரில் ஒன்றுக்கொன்று அண்மையில் பல அருவிகளை இறைவன் நமக்கு அமைத்துத் தந்திருக்கிறார். அவற்றுக்கு நிறம் குறித்து வைத்தவர் யாருமில்லை. ஆகவே, ஒவ்வொன்றின் இயல்பையும் நாமே அறிந்து தேர்ந்துகொள்ள வேண்டியவர்களாய் இருக்கிறோம்.

இரண்டு மழைகள்

வாசுதேவநல்லூரிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டால், எலுமிச்சை வாணிகத்துக்குப் பேர்பெற்ற புளியங்குடியையும், சொக்கம்பட்டியையும், கடையநல்லூரையும் கடந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் தென்காசியை அடையலாம். அங்கிருந்து குற்றாலம் கூப்பிடு தூரம். வழி முழுவதும் வலப்பக்கத்தில் மலை நம்முடனேயே வருகிறது.

குற்றாலம் என்றதும் பலரும் நினைப்பது ஜூன் முதல் ஆகஸ்டு வரையுள்ள சாரல் பருவத்தைத்தான். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து, மெல்லிய தூறலாக நாள் முழுதும் முகத்தில் தெளிக்கும் காலம் அது. நீர்வரத்து பெரும்பாலும் ஒரே சீராக இருக்கும். கடைவீதியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருக்கும்.

டிசம்பரில் விழும் நீரோ வடகிழக்குப் பருவமழை தருவது. அதன் குணம் வேறு. சில நாட்கள் வானம் வெளுத்துக் கிடக்கும். பின்னர் வங்கக்கடலில் காற்றழுத்தம் தாழ்ந்தால் ஓரிரவில் கொட்டித் தீர்த்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. 2024 டிசம்பர் இரண்டாம் வாரத்திலும் குற்றால அருவிகளில் காட்டாறு கரைபுரண்டது. எனவே, ஜூலை மாதத்தில் கண்டு பழகிய அருவியை நினைத்துக்கொண்டு டிசம்பரில் போய் நிற்பது பொருந்தாது. அத்துடன், அது சபரிமலைக்குச் செல்லும் அன்பர்கள் வழியில் நீராடிச் செல்லும் காலமும் ஆகும். விடியற்காலையிலேயே பேரருவியில் கூட்டம் நிறைந்துவிடும்.

அருவிக்கு அருவி வேறுபாடு

பேரருவி குற்றாலநாதர் கோவிலை ஒட்டி, பேருந்து நிற்கும் இடத்திலிருந்து சிறிது நடந்தாலே எட்டும் தொலைவில் இருக்கிறது. முழங்கால் வலியுள்ள ஆச்சியையும் மெல்லக் கைபிடித்து அழைத்துச் சென்றுவிடலாம். மேலிருந்து வரும் நீர் நேராக நம் தலைமேல் விழுவதில்லை. நடுவழியில் 'பொங்குமாகடல்' என்னும் ஆழ்ந்த பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகே கீழே இறங்குகிறது. அத்தனை உயரத்து நீரின் அடியில் மனிதர் நின்று குளிக்க முடிவதன் இரகசியம் இதுவே. நீர் மிகுந்து பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழத் தொடங்கினால் குளிக்கத் தடை விதிப்பார்கள்.

ஐந்தருவி, பேரருவியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி அமைந்துள்ளது. ஒரே நீர் பாறையில் பட்டு ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழுகிறது. ஆண்களும் பெண்களும் தனித்தனியே குளிக்க வசதியுண்டு. ஐந்து கிளைகளும் ஐந்தாகத் தெரிகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். அவை ஒன்றாகக் கலந்து ஒரே வெள்ளமாகத் தோன்றினால், அன்று அது நமக்குரியதன்று.

பழைய குற்றாலம் சற்றே ஒதுங்கியிருக்கிறது. படிகள் ஏறிச் செல்ல வேண்டும். இயற்கை எழில் மிகுந்த இடம். அதனாலேயே இளைஞர்கள் பெரிதும் விரும்புவது. புலியருவியோ சிறியது. 'இதைக் காணவா இவ்வளவு தூரம் வந்தோம்?' என்று காளைப் பருவத்தினர் உதடு பிதுக்குவார்கள். ஆனால் சிறு பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மாருக்கு அதைவிட உகந்த அருவி இல்லை.

பேரருவிக்கு மேலே, காட்டுக்குள் செண்பகாதேவி அருவியும், அதற்கும் மேலே தேனருவியும் உள்ளன. பாறைகளில் தேனடைகள் தொங்குவதால் அப்பெயர் பெற்ற தேனருவி காணக் கவர்ச்சியானது. ஆயினும் செங்குத்தான பாறைகளும் வழுக்கும் தடங்களும் நிறைந்தது. இவ்விரண்டும் வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளவை. அனுமதியின்றி அங்கே ஏறுவது வீரமன்று.

எல்லை தாண்டிப் புளியரை வழியாக ஆரியங்காவுக்குச் சென்றால் கேரளத்துப் பாலருவி. நெடுஞ்சாலையருகே வண்டியை நிறுத்திவிட்டு, வனத்துறையின் பேருந்தில் காட்டினூடே செல்ல வேண்டும். பயணமே ஓர் இன்பம். எனினும் காத்திருக்கும் நேரத்தையும் மலைவளைவுகளில் குமட்டல் காணும் பிள்ளைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, நம் ஊருக்கு மேற்கிலேயே மலையடிவாரத்தில் தலையணை இருக்கிறதே! மலைநீரை மறித்துக் கட்டிய சிறு அணை அது. மழை பெய்த மறுவாரம் நீர் தெளிந்து ஓடும் போது, கட்டுச்சோற்றோடு போய் மாலைக்குள் வீடு திரும்பலாம். அருகில் இருப்பதாலேயே அதை எளிதாக எண்ணுகிறோம்.

வானம் தெளிந்திருந்தும்

2024 மே 17-ஆம் நாள், கோடை விடுமுறையின் ஒரு பிற்பகல். பழைய குற்றாலத்தில் குடும்பங்கள் மகிழ்ந்து நீராடிக் கொண்டிருந்தன. திடீரென்று காட்டுவெள்ளம் இரைந்து வந்தது. மக்கள் அலறியடித்துக் கொண்டு ஓடினர். பெரும்பாலோர் தப்பினர். உறவினரோடு மகிழ்வாகக் குளிக்க வந்திருந்த 17 வயது மாணவர் ஒருவர் நீரோடு போனார். பின்னர் உயிரற்ற உடலாகவே மீட்கப்பட்டார். அந்த வீட்டார் அன்று காலை எத்தனை களிப்போடு புறப்பட்டிருப்பார்கள் என்று எண்ணும் போதே நெஞ்சு கனக்கிறது.

இது எவ்வாறு நேர்கிறது? அருவி விழும் இடத்தில் மழை பெய்ய வேண்டுமென்பதில்லை. கீழே வெயில் அடித்துக் கொண்டிருக்க, மேலே நம் கண்ணுக்கெட்டாத உச்சியில் மேகம் உடைந்து கொட்டலாம். அங்குள்ள ஓடைகள் யாவும் குறுகிய பாறையிடுக்குகளில் ஒன்றுகூடி, சில நிமிடங்களில் கீழே வந்து சேர்கின்றன. தெளிந்த நீர் செந்நிறமாக மாறுதல், இலைகளும் சுள்ளிகளும் சிறு கற்களும் அடித்து வரப்படுதல், அருவியின் ஓசை கனத்துக் கேட்டல் ஆகியவை மலை நமக்கு விடுக்கும் எச்சரிக்கைகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் துணிமணியையும் செருப்பையும் தேடி நிற்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். காவலரின் விசில் ஒலித்தால், "இன்னும் ஒரு நிமிடம், ஐயா" என்று கெஞ்சுவது நம்மவர் வழக்கம். அந்த ஒரு நிமிடத்துக்கு நாம் கேட்பது அவரது இசைவு. ஆனால் அதைத் தர வேண்டியதோ மலை.

"ஆண்டவர் காப்பார்" என்று சொல்லித் தடையை மீறுவோரும் உண்டு. அலகை நம் ஆண்டவரைக் கோவிலின் உச்சியில் நிறுத்தி, கீழே குதிக்கும்படி தூண்டியபோது அவர் கூறிய மறுமொழியை நாம் அறிவோம். தந்தையின் பாதுகாப்பில் முழு நம்பிக்கை வைத்திருந்த அவரே அதைச் சோதித்துப் பார்க்க மறுத்துவிட்டார். தடைக்கயிற்றைத் தாண்டிச் செல்வது நம்பிக்கையன்று, இறைவனைச் சோதிப்பதே.

யாக்கோபின் நடை

அப்படியானால் எதைத் தேர்வது? தொடக்க நூலில் ஓர் அருமையான காட்சி வருகிறது. நெடுநாள் பிரிந்திருந்த ஏசாவும் யாக்கோபும் ஒருவரையொருவர் தழுவி அழுதபின், "சேர்ந்தே போகலாம் வா" என்று ஏசா அழைக்கிறார். ஏசாவோ நானூறு ஆட்களோடு வந்திருக்கும் மனிதர், விரைந்து செல்லக்கூடியவர். யாக்கோபு பணிவோடு மறுக்கிறார். தம் பிள்ளைகள் இளையவர்கள் என்றும், மந்தையில் பால்கொடுக்கும் ஆடுமாடுகள் உள்ளன என்றும், ஒருநாள் விரட்டினாலும் அவை தாளாவென்றும் எடுத்துச் சொல்லி, பிள்ளைகளின் நடைக்கேற்ப மெல்ல வருவதாகக் கூறுகிறார்.

குடும்பப் பயணத்துக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் வேறு வேண்டுமோ? நாம் பெரும்பாலும் ஏசாவின் வேகத்திற்கே திட்டமிடுகிறோம். வீட்டில் வலிமை மிக்கவன் எவனோ அவன் விருப்பமே முடிவாகிறது. கல்லூரியில் படிக்கும் தம்பி பழைய குற்றாலம் என்பான். மும்பையிலிருந்து வந்த அண்ணன் ஒரே நாளில் ஐந்தருவியும் பாலருவியும் பார்த்துவிட வேண்டும் என்பார். கைக்குழந்தை வைத்திருக்கும் மதினியிடமோ, மூச்சிரைப்புள்ள தாத்தாவிடமோ, "உங்களுக்கு எது ஒத்துவரும்?" என்று கேட்பவர் யார்? இறுதியில் அவர்கள் வண்டியிலேயே அமர்ந்து பைகளுக்குக் காவலிருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். குடும்பமாகப் போனோம் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே, வீட்டில் இயலாதவர் யாரோ அவரிடமிருந்து கேள்வியைத் தொடங்குங்கள். அவருக்கு ஏற்ற அருவியே அன்று நம் அருவி. ஆச்சி வருவதானால் பேரருவி. கூட்டம் மிகுமுன் காலையிலேயே சேர்ந்துவிடுங்கள். சிறு பிள்ளைகள் இருந்தால் புலியருவி. ஒருநாள் முழுதும் அலைய உடல்நலம் இடந்தராதவர் இருந்தால் நம் தலையணை. எல்லாரும் திடமாயிருந்து, நீரும் அளவாக விழுந்தால், ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் போகலாம்.

புறப்படுமுன் அன்றைய நிலவரத்தை அறிந்துகொள்ளுங்கள். மழை எச்சரிக்கை உள்ள நாளில் பயணத்தைத் தள்ளிவையுங்கள். போன இடத்தில் தடை விதித்திருந்தால், தூரம் வந்துவிட்டோமே என்று காட்டுவழியில் வேறு ஓடை தேட வேண்டாம். குற்றாலத்து அரசு அருங்காட்சியகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். திரும்பும் வழியில் பிரானூர் பார்டரில் பரோட்டா உண்டு வரலாம். ஒரு நாள் வீணாகிவிடாது. அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றுக்கு நீதிமன்றத் தடை இருப்பதையும் மறவாதீர்கள். நமக்குக் கீழே அந்நீரைக் குடிக்கவும் பாய்ச்சவும் ஊர்கள் இருக்கின்றன.

கூட்டத்தில் பிள்ளைகளை யார் கவனிப்பது என்பதையும் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். எருசலேமிலிருந்து திரும்பும் வழியில் திருக்குடும்பத்துக்கு நேர்ந்தது என்ன? உறவினர் கூட்டத்தோடு மகன் வருகிறார் என்று அன்னை மரியாவும் சூசையப்பரும் எண்ணினர். ஒரு நாள் வழி சென்ற பின்னரே அவர் இல்லை என்பது தெரிந்தது. அவர்களுக்கே நேர்ந்தது நமக்கு நேராதா?

இளைஞர்களுக்கு ஒரு சொல்

மலையேறும் ஆசை தீயதன்று. திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், பாப்பரசரான பின்னும் பனிச்சறுக்கு விளையாடியவர். இத்தாலியின் தூரின் நகரத்துப் பியர் ஜார்ஜோ பிரசாத்தி, ஆல்ப்ஸ் சிகரங்களில் நண்பர்களோடு ஏறியும் பனியில் சறுக்கியும் மகிழ்ந்த இளைஞர். அவரே வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்து சேரிகளின் மாடிப்படிகளிலும் ஏறினார். நோயுற்ற ஏழைகளுக்கு மருந்தும் உணவும் சுமந்து சென்றார். 1925 ஜூலை 4-ஆம் நாள், 24-ஆம் வயதில், இளம்பிள்ளை வாதத்தால் இறந்தார். 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக உயர்த்தினார். உரமுள்ள கால்கள் உரமற்றவர்களுக்காகவும் நடக்கக் கூடியவை என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

அத்தகைய கால்கள் நம் இளைஞர்களுக்கும் உண்டு. தேனருவியின் உச்சியில் நின்று படம் எடுப்பதைவிட, ஆச்சியின் கையைப் பிடித்து வழுக்கும் பாறையில் அடிமேல் அடிவைத்து நடத்திச் சென்று, பேரருவியின் ஓரத்தில் இரு குவளை நீரை அவர் தலையில் வார்த்துவிடுவதற்குத் திடம் அதிகம் வேண்டும். நீர் பட்டதும் அந்த முதியவர் குழந்தைபோல் கூச்சலிட்டுச் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பைக் கண்டு வாருங்கள். இந்த விடுமுறைக்கு அது போதும்.