தோற்றவனுக்கு ஒரு வளை

சுவர்க்கோழிகளில் பாடுவது ஆண் மட்டும்தான். எட்டுப் பத்து முறை தோலுரித்து வளர்ந்து, கடைசித் தோலையும் கழற்றிய பிறகே அதற்கு முழுச் சிறகு வரும். ஒரு முன்சிறகின் அடியில் அரம்போலப் பற்கள் வரிசையாக நிற்க, மற்றதன் விளிம்பு அதில் உரசும்போது ஒலி பிறக்கிறது. கேட்கும் காது முன்னங்கால்களில், முட்டிக்குச் சற்றுக் கீழே! தூரத்துப் பெண்ணை அழைக்க ஒரு பாட்டு, அருகில் வந்தவளுக்குத் தணிந்த குரலில் வேறொன்று, எதிரே இன்னோர் ஆண் வந்துவிட்டால் சண்டைப் பாட்டு. என் பேச்சு இந்த மூன்றாவதைப் பற்றித்தான்.

அதன் சண்டையில் ஒரு முறைமை உண்டு. முதலில் மீசையால் மீசையைத் தட்டிப் பார்க்கும். யாரும் விலகாவிட்டால் தாடைகளை விரித்துக் காட்டும். அதற்கும் அசையாவிட்டால் தாடை கோத்து மல்லுக்கு நிற்கும். பெரும்பாலும் சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். காயம் படுவது அரிது. வென்றது நின்று பாடும். தோற்றது ஓடும். அதன்பின் பல மணி நேரத்துக்கு எந்த ஆணைக் கண்டாலும் அது ஒதுங்கிப் போகும்.

இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. எதிரி கொடுத்த அடிகளை அதன் நரம்புகள் கூட்டிக்கொண்டே வருகின்றன. கூட்டுத்தொகை ஒரு வரம்பைத் தாண்டியதும் ஓடச் சொல்கின்றன. வளர்ந்தபின் அது வாழ்வது சில வாரங்கள்தான். காலும் மீசையும் மிஞ்சினால்தானே நாளைக்குப் பாட முடியும்?

சீனாவில் இந்தச் சண்டைக்குப் பல நூற்றாண்டு வயது. 13ஆம் நூற்றாண்டில் தெற்குச் சோங் அரசின் முதன்மை அமைச்சராக இருந்த ஜியா சிதாவோ சுவர்க்கோழிகளைப் பற்றி நூலே எழுதினார். மங்கோலியப் படை நாட்டை நெருக்கும்போது மனிதர் பூச்சிச் சண்டை பார்த்துக்கொண்டிருந்தார் என்ற பழியும் அவர்மேல் உண்டு. அங்கே பந்தயக்காரர்களிடம் ஒரு கைப்பழக்கம். தோற்ற பூச்சியை உள்ளங்கையில் குலுக்கி, மேலே தூக்கிப் போட்டுப் பிடித்து, மறுபடி களத்தில் விடுவார்கள். அது திரும்பவும் சண்டைக்கு நிற்கும்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஹான்ஸ் ஹோஃப்மன், பால் ஸ்டீவன்சன் என்ற இருவர் இதைச் சோதித்து 2000ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்தது கறுப்பு உடலும் சிறகடியில் இரண்டு மஞ்சள் புள்ளிகளும் கொண்ட இனம்; நம் நாட்டிலும் உள்ளதுதான். தோற்றதைப் பிடித்துக் காற்றோட்டத்தின் எதிரே வைத்துச் சிறகடிக்க விட்டார்கள். கொஞ்சம் பறந்து முடித்ததும் அச்சம் விலகி மீண்டும் மோதத் தயாராயிற்று. ஆக்டோபமைன் என்ற நரம்புச் சுரப்புக்கு இதில் பங்குண்டு என்கிறார்கள். நம் உடம்பின் நாரட்ரினலினுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன்.

இதைப் படித்ததும் ‘விழுந்தவனைக் குலுக்கி எழுப்பு’ என்று பாடம் எடுக்கத் தோன்றும். எனக்குத் தயக்கம். சீனத்துப் பந்தயக்காரர் குலுக்கியது பூச்சிக்காக அல்ல, தான் கட்டிய பணத்துக்காக. மருத்துவ நுழைவுத் தேர்வில் தவறிய பையனை மறுவாரமே பயிற்சி வகுப்பில் கொண்டுபோய்த் தள்ளும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். “விடக் கூடாதுப்பா, இன்னொரு தடவை எழுது” என்பார்கள். குரலில் அன்பு இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது யார் கட்டிய பந்தயம் என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

ஸ்டீவன்சனும் கூட்டாளிகளும் 2011இல் வெளியிட்ட இன்னொரு சோதனை எனக்கு அந்தப் பறக்கும் சோதனையைவிடப் பிடிக்கும். தோற்ற பூச்சிக்கு ஒரு செயற்கை வளையைக் கொடுத்து, உள்ளே 15 நிமிடம் இருக்கவிட்டார்கள். யாரும் குலுக்கவில்லை, தூக்கிப் போடவில்லை. பிறகு அங்கே நுழைந்த பூச்சியை அது எதிர்த்துப் பாய்ந்தது. வந்தது முன்பு வென்ற பூச்சியானாலும் பெரும்பாலும் இதுவே வென்றது. அந்தத் துணிச்சல் சில நிமிடங்களிலேயே தலைகாட்டினாலும், 15 நிமிடம் இருந்த பிறகே உச்சத்தை எட்டியது. ஆனால் முழு நேரம் இருக்கவிட்டு, வளையைப் பறித்துக் கால்மணி நேரம் கழித்து மோதவிட்டால் அது வரவில்லை.

நம் வீடுகளில் அந்த 15 நிமிடம்தான் கிடைப்பதில்லை. தேர்வு முடிவு வந்த மாலையே சித்தப்பா, மாமா என்று கூடம் நிறைந்துவிடும். கதவைச் சாத்தினால் குற்றம், சாத்தாவிட்டால் ஆளாளுக்கு அறிவுரை. என் பேரனின் அறையைப் படிக்கும் அறையாக்கி, அவனுடைய கேரம் போர்டைப் பரண்மேல் ஏற்றிவிட்டார்கள். இறக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். மருமகள் இன்னும் பதில் சொல்லவில்லை.