அட்டாச்மென்ட் எங்கே சார்?

"சார், மெயில் வந்துச்சு. கட்டுரை வரலையே?"

பத்திரிகை ஆபீஸிலிருந்து இப்படிப் போன் வருவது எனக்குப் புதிதல்ல. வெறும் மெயிலை அனுப்பிவிட்டு, கடமை முடிந்த திருப்தியில் காபி சாப்பிடப் போகிற ரகம் நான். ஆங்கிலத்தில் 'அட்டாச்டு' என்று எழுதிவிட்டு ஃபைலை வைக்காமல் அனுப்பப் போனால் ஜிமெயில், 'மறந்துட்டீங்களா?' என்று கேட்கும். அடியேன் ஒரு வரிகூட எழுதாமல் காலி மெயிலை அனுப்புகிறவன். அது பாவம், என்னவென்று கேட்கும்?

நான் பி.காம். வவுச்சரோடு பில்லைக் குண்டூசியால் குத்தினால் அது அட்டாச்மென்ட். கடன் கட்டாதவன் வீட்டைக் கோர்ட் ஜப்தி செய்தால் அதுவும் அட்டாச்மென்ட். இந்த இரண்டோடு படிப்பை முடித்தவனை ஜவ்வாது மலையில் ஒரு குடும்பம் கம்ப்யூட்டர் மேதை என்று நம்பிவிட்டது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

போன ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஆலங்காயம் வழியாக பைக்கில் காவலூர் போனேன். வேணு பாப்பு பெயரில் அங்கே ஒரு பெரிய டெலஸ்கோப் இருக்கிறது, 1986-ல் திறந்தது. கண்ணாடியின் குறுக்களவு மட்டும் 2.3 மீட்டர். நான் போன நேரம் வானம் பூரா மேகம். சரி, ஜமுனாமரத்தூர் வரைக்கும் போய் டீயாவது குடிப்போம் என்று வண்டியை விட்டேன்.

டீக்கடை பெஞ்சில் ஒரு பையன் செல்லை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைக்காரரின் மகன். டிப்ளமா முடித்தவன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் டிரெய்னி வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏழு சர்டிபிகேட்டையும் சாயங்காலம் 5 மணிக்குள் மெயிலில் அனுப்ப வேண்டும். வராவிட்டால் லிஸ்ட்டில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்களாம். மணி 3.40.

"அண்ணா, காலைலேர்ந்து சுத்திக்கிட்டே இருக்குண்ணா" என்று செல்லைக் காட்டினான். 'க்யூவில் இருக்கிறது' என்றது மெயில். ரேஷன் கடையைத் தவிர இங்கேயும் க்யூ!

"சைஸ் என்ன தம்பி?"

அவன் பார்த்ததில்லை. நானும் என்னுடையதை என்றைக்கும் பார்த்ததில்லை என்பதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு போட்டோவும் நாலரை எம்.பி. ஏழும் சேர்த்து 31.5. ஜிமெயிலில் அனுப்ப முடிவது 25 வரைக்கும்தான். பி.காம். கணக்கு அந்த இடத்தில் உதவியது. "ரெண்டு மெயிலாப் பிரிச்சு அனுப்பு" என்றேன் கம்பீரமாக.

நாலு போட்டோ வைத்த முதல் மெயில் பாதிக்கு மேல் போனது. சிக்னல் போனது. மறுபடி வந்தபோது முதலிலிருந்து ஆரம்பித்தது.

மெயில் என்பது எழுத்துக்களை மட்டும் அனுப்புவதற்காகப் பிறந்த சமாசாரம். படமும் பாட்டும் அதில் ஏறாது. 1992 மார்ச் 11-ம் தேதி அமெரிக்காவில் நத்தானியல் போரன்ஸ்டீன் என்பவர், தானும் மூன்று சிநேகிதர்களும் சேர்ந்து பாடிய பாட்டையும் ஒரு போட்டோவையும் மெயிலில் ஒட்டி அனுப்பினார். இன்றைக்கு நாம் உபயோகிக்கும் முறைக்கு அதுதான் பிள்ளையார் சுழி. படத்தை எழுத்தாக மாற்றி அனுப்பி, அந்தப் பக்கம் போனதும் மறுபடி படமாக்குவார்கள். அப்படி மாற்றும்போது மூன்று எழுத்து கனம் நான்காகிவிடும். பலாப்பழத்தைக் கூடையில் வைத்து பஸ்ஸில் போட்டால் கூடைக்கும் சேர்த்து லக்கேஜ் கேட்பார்களே, அது மாதிரி. வாங்குகிற ஆபீஸில் 10 எம்.பி.தான் அனுமதி என்று வைத்திருந்தால், நீங்கள் அனுப்பும் 8 எம்.பி. ஃபைல் அங்கே போகும்போது பத்தரையைத் தாண்டியிருக்கும். திரும்பி வரும். 'மெயிலர் டீமன்' என்று பயங்கரப் பெயரில் ஒருவர் அதைத் திருப்பி அனுப்புவார். பயந்து அழித்துவிடாதீர்கள். ஏன் போகவில்லை என்கிற காரணம் அந்தக் கடிதத்துக்குள்தான் எங்கேயாவது எழுதியிருக்கும்.

மணி 4.10. ஊருக்குள் இருந்த பிரவுசிங் கடையில் கரண்ட் இல்லை. பையனின் அப்பா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

"இந்த ஜாதி சர்டிபிகேட்டுக்கு மட்டும் எத்தனை தடவை அலைஞ்சேன் தெரியுமா சார்? கையில இருக்குது, அனுப்ப முடியலைன்னா எப்படி?"

எனக்கு வேறொன்று உறைத்தது. யுரேனஸைச் சுற்றி வளையம் இருக்கிறது என்று 1977 மார்ச் 10-ம் தேதி உலகம் கண்டுபிடித்தபோது, அதைப் பார்த்த இடங்களில் பக்கத்துக் காவலூரும் ஒன்று. 250 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து இந்த மலைக்குச் சேதி வந்து சேர்ந்திருக்கிறது. இங்கேயிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு மார்க் ஷீட் போக மாட்டேன் என்கிறது!

"டிரைவ் லிங்க்கா அனுப்பட்டுமாண்ணா?" என்றான் பையன். நான் அலறிவிட்டேன். போன வருஷம் ஒரு கடைக்காரரின் கணக்கை ஆடிட்டருக்கு அனுப்பினேன். 25-ஐத் தாண்டியதால் அது தானாகவே லிங்க்காக மாறியது. 'பார்க்க அனுமதி கொடுக்கவா?' என்று கேட்டதற்கு ஏதோ ஒரு பட்டனை அமுக்கிவிட்டேன். ஆடிட்டர் திறந்தால் 'அனுமதி இல்லை'. அவர் அனுமதி கேட்டு அனுப்பிய மெயிலை நான் நாலு நாள் கழித்துப் பார்த்தேன். நல்ல கம்பெனி என்றாலும் யாரோ முன்பின் தெரியாத பையனிடம் 'அனுமதி கொடுப்பா' என்று எந்த எச்.ஆர். கெஞ்சும்? அதுவுமில்லாமல், லிங்க் அனுப்ப முதலில் ஃபைல் மேலே ஏற வேண்டுமே. அதற்கும் இதே சிக்னல்தான்.

சிக்னலைப் பெரிதாக்க முடியாது. ஃபைலைச் சின்னதாக்கலாம். அதற்கு நெட்டே வேண்டாம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேதை!

"தம்பி, ஒவ்வொரு போட்டோவையும் முழுசாத் திற. ஸ்கிரீன்ஷாட் எடு. ஓரத்தை வெட்டு."

கேமரா ஒரு படத்துக்கு ஒரு கோடிக்கும் மேல் புள்ளிகளைச் சேர்த்து வைக்கிறது. செல்லின் திரையில் இருப்பதே சில பத்து லட்சம் புள்ளிகள்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மிச்சமெல்லாம் உதிர்ந்துவிடும். நாலரை எம்.பி. 400 கே.பி. ஆனது. பெரிதாக்கிப் பார்த்தோம். ரிஜிஸ்டர் நம்பர், தாசில்தார் கையெழுத்து, சீல் எல்லாம் படிக்க முடிந்தது. ஏழும் சேர்த்து 3 எம்.பி.கூட இல்லை.

பழைய மெயில் இரண்டும் க்யூவில் நின்று வழியை மறித்துக்கொண்டிருந்தன. அவற்றை முதலில் அழித்தோம். பைக்கில் அவனை உட்கார வைத்து, சிக்னல் கொஞ்சம் நன்றாக இருக்கும் என்று அவன் சொன்ன மேட்டுக்கு விட்டேன். 4.41-க்கு மெயில் போனது. பையன் 'ஹே' என்று கத்தினான். நானும்தான்.

"இரு, சென்ட் ஐட்டத்துல போய் ஒவ்வொண்ணாத் திறந்து பாரு." இதை நான் சொன்னதற்குக் காரணம் அறிவு அல்ல, அனுபவம். ஒரு தடவை கட்டுரைக்குப் பதில் வீட்டு மளிகை லிஸ்ட்டை ஆசிரியருக்கு அனுப்பியவன் நான்.

திறந்தான். பத்தாவது மார்க் ஷீட் இரண்டு தடவை இருந்தது. பிளஸ் டூ இல்லை.

அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. மறுபடி போட்டோ, மறுபடி ஸ்கிரீன்ஷாட், மறுபடி வெட்டு. கை நடுங்கியது, அவனுக்கில்லை, எனக்கு. எந்த சர்டிபிகேட் எத்தனையாவது படம் என்று மெயிலில் வரிசையாக எழுதச் சொன்னேன். இல்லாவிட்டால் 'ஸ்கிரீன்ஷாட்' என்று பெயர் வைத்த ஏழு ஃபைலில் எது எது என்று அந்தப் பக்கம் எவனுக்குத் தெரியும்? 4.54-க்குப் போனது. இந்தத் தடவை கத்தாமல் திறந்து பார்த்தோம். ஏழும் சரி.

கடைக்குத் திரும்பிக் காத்திருந்தோம். 5.20-க்கு ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. கிடைத்தது, திங்கட்கிழமை ஒரிஜினலோடு நேரில் வரவும். பையன் அதைப் படித்துத் தமிழில் சொன்னதும் அவன் அப்பா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

வரும்போது கையில் ஒரு பலாப்பழம். பத்துக் கிலோவுக்குக் குறையாது. டீக்குக் காசும் வாங்கவில்லை. வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் பைக்கின் பின் சீட்டில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார்கள். ஆலங்காயம் வந்து சேர்வதற்குள் இரண்டு தடவை அவிழ்ந்தது.