நகம் தெரியிற பதம்

யாழ்ப்பாணத்தில் பழைய கல்வீட்டுக்கு எமல்சன் பெயின்ற் அடித்தவர்கள் இரண்டு மாரி கழிவதற்குள் ஒரே முறைப்பாட்டோடு வருவார்கள்: இடுப்பளவுக்குக் கீழே சுவர் பொரியுது. புத்தூரில் நான் பார்க்கப்போன நாற்சார் வீட்டிலும் அதே கதைதான். சந்தியிலிருந்து சுன்னாகம் போகும் வீதியில், நிலாவரைக்குப் போகிற வழியில் உள்ள வீடு. நடுமுற்றத்தைச் சுற்றி விறாந்தை, பின்னால் கோடிப்பக்கம் குசினி. சுண்ணக்கல்லை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய தடித்த சுவர்கள். அந்தக் காலத்தில் நிலத்து ஈரத்தைத் தடுக்க அத்திவாரத்தின் மேல் எதுவும் இடும் வழக்கம் இல்லை. ஈரம் ஏறும்; ஏறியது சுண்ணாம்புப் பூச்சு வழியே வெளியே போய்விடும். எமல்சன் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரத்தோடு வந்த உப்பு உள்ளே பூத்துப் பெயின்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது. கடையில் அதற்கும் ஒரு மருந்து விற்கிறார்கள். அதையும் வாங்கிப் பூசிப் பார்த்தாயிற்று என்றார் வீட்டுக்கார அக்கா.

வேலைக்கு வந்தவர்கள் மூன்று பேர். அறுபதைத் தாண்டிய மூத்த மேசன், சுண்ணாம்பு கரைத்து வடிக்கிற ஒரு பெண், பள்ளிக்கூடம் முடித்து ஆறேழு மாதமான ஒரு பொடியன். முதல் வேலை அடிப்பதல்ல, உரிப்பது. எமல்சனுக்கு மேலே சுண்ணாம்பு பிடிக்காது. காய்ந்ததும் பொடியாக உதிர்ந்துவிடும். பொடியன் தகட்டால் சுரண்ட, பெயின்ற் நீளநீளமாக உரிந்து வந்தது. அடியில் பழைய வெள்ளைகள். உடைந்த ஒரு சில்லை மேசன் எடுத்து வெயிலுக்குப் பிடித்துக் காட்டினார். வெள்ளை, வெளிர்நீலம், மறுபடி வெள்ளை, ஒரு மெல்லிய பச்சை, அதன் கீழே காவி. வருசத்துக்கு ஒன்றாகப் பொங்கலுக்கோ கலியாணத்துக்கோ அடித்த பூச்சுகள் அட்டை போலத் தடித்திருந்தன. நடுவில் ஓரிடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. இது என்ன என்றேன். எட்டிப் பார்த்த அக்கா, "அது தொண்ணூற்றைஞ்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த ஒக்ரோபரில் இராணுவம் அச்சுவேலி, புத்தூர், நீர்வேலி என்று இறங்கி வந்தது. 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. மாதக்கணக்கில் ஆளில்லாமல், ஓடு போய், மழையும் அழுக்கும் சுவரில் வடிந்த காலம்.

சுண்ணாம்பு நீற்றுவதை நான் ஒரு பாதுகாப்பான தூரத்தில் நின்றே பார்த்தேன். அரைவாசி நீர் நிரப்பிய பீப்பா. சுட்ட கல்லை ஒவ்வொன்றாக அதற்குள் விடுகிறார்கள். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு சீறல், ஆவி, கொதி. கல் தானாகப் பிளந்து கரைகிறது. "தண்ணிக்கைதான் கல்லுப் போடவேணும். கல்லுக்கு மேலை தண்ணி ஊத்தினா முகத்திலை அடிக்கும்" என்றார் மேசன். நீற்றியதை உடனே எடுப்பதில்லை. மேலே தண்ணீர் நிற்க, நாள்கணக்கில் ஊறவிடுகிறார்கள். அவசரப்பட்டால் நீறாத மணி சுவரில் இருந்தபடி பிறகு நீறி, பூச்சைக் குத்திக்கொண்டு வரும். கடையில் பையில் விற்கும் சுண்ணாம்பை அவர் நம்புவதில்லை. காற்றுப்பட்டுக் கிடந்த பை ஏற்கெனவே செத்துவிட்டது, அதை அடித்தால் சாய்ந்திருக்கிற ஆளின் சட்டையில்தான் இருக்கும் என்கிறார். இரசாயனமும் அதைத்தான் சொல்கிறது. சுண்ணக்கல்லை 900 பாகை செல்சியசுக்குச் சுட்டால் கரியமிலவாயு போய்விடும். 100 கிலோ கல் சுமார் 56 கிலோ ஆகும். நீற்றிச் சுவரில் பூசியபின் போன வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கி அது மறுபடி கல்லாகிறது. பையிலேயே அந்த வேலை முடிந்துவிட்டால் சுவரில் நடப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

குடாநாட்டின் அடித்தளமே மயோசின் காலத்துச் சுண்ணக்கல்தான். மழைநீர் அதைக் கரைத்துக் குகையும் பிளவும் ஆக்கியிருக்கிறது. மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக நிற்கும் நிலாவரை, கூரை இடிந்த அப்படியொரு குகை. இராமர் அம்பு விட்ட இடம் என்று ஊரில் சொல்வார்கள். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் அந்தக் கல்தான். ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்துப் பின்னர் விரித்துக் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டைக்கும் முருகைக்கல்லும் சுண்ணாம்பும்தான் சரக்கு. இதனால் சூளைகளை நினைத்து உருகவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சூளை விறகைத் தின்னும், கல்லையும் தின்னும். நன்னீரைத் தாங்கி நிற்கிற கல்லைத் தோண்டித் தோண்டி நாங்கள் விட்டிருக்கும் பள்ளங்களே போதும். ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டிய கல் சொற்பம். பள்ளம் அதற்காக வந்ததல்ல.

சண்டை குசினியில்தான் வந்தது. அக்காவின் தம்பி ரொறன்ரோவில் இருக்கிறார். காசு அவருடையது. அங்கே குளிருக்கு வீட்டுக்குள் கட்டியிருக்கும் செங்கட்டிக் கணப்படுப்புக்கு இப்போது சுண்ணாம்பு அடிப்பது நாகரிகமாம். அடித்துவிட்டு ஈரத்துணியால் அங்கங்கே துடைத்து, உள்ளிருக்கும் சிவப்புத் தெரியவிடுவார்கள். அந்தப் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, எங்கள் குசினியும் இப்படி வரவேணும் என்று கேட்டிருந்தார். மேசன் படத்தை வெகுநேரம் பார்த்தார். "நாங்கள் மூடுறதுக்கு அடிக்கிறது. அவையள் தெரியிறதுக்கு அடிக்கினம்."

எங்கள் அடுப்படியில் செங்கட்டி எங்கே இருக்கிறது? காலடியில் கல் கிடக்கிற ஊரில் அது அரிது. அடுப்புக்கு மேலே எழும்பும் புகைக்கூடு மட்டும் செங்கட்டியால் கட்டியது. மற்றதெல்லாம் கல், அதன்மேல் மூன்று தலைமுறைப் புகை. ஒட்டறையைக் கூட்டி, சாம்பலும் சலவைச்சோடாவும் போட்டுத் தேய்த்துக் கழுவியும் முதல் பூச்சு காய்வதற்கு முன்னமே மஞ்சள் எழும்பியது. இரண்டாவது பூச்சில் தேயிலைச் சாய நிறம். புகையில் இருக்கும் பிசின் சுவரின் ஈரத்தில் கரைந்து மேலே வருகிறது. எத்தனை பூச்சு அடித்தாலும் ஏறிக்கொண்டேயிருக்கும். பொடியன் மூன்றாவதுக்கு வாளியைத் தூக்க, மேசன் மறித்தார். அடுப்பு நெற்றியில் ஒரு பாகம் அகலத்துக்குப் பழைய பூச்சையே கொத்தி எடுத்து, மணலும் சுண்ணாம்பும் குழைத்துப் பனங்கட்டித் தண்ணீர் தெளித்துப் புதிதாகப் பூசி மினுக்கினார். அது இறுகும்வரை குசினிப் பக்கம் யாரும் போகவில்லை. அக்கா விறாந்தையில் காஸ் அடுப்பு வைத்துச் சமைத்தார்.

பதம் பார்ப்பது அந்தப் பெண்ணின் வேலை. பழைய சேலைத் துண்டை வாளி வாயில் கட்டி வடிக்கிறார். கொஞ்சம் நீலம். உப்புப் போடுவதில்லையா என்று கேட்டேன். மற்ற இடங்களில் ஒரு பிடி போடுவார்களே. "சுவரே உப்பிலைதானே நிக்குது தம்பி, இன்னும் ஏன்?" விரலைத் தோய்த்து எடுத்துக் காட்டினார். பால் போலப் படர்ந்திருந்தது, ஊடே நகம் தெரிந்தது. நகம் மறைந்தால் தடிப்பு. அப்படி அடித்தால் வெடித்து உரியும். சுவரை நனைத்துவிட்டுத்தான் அடிக்கவேண்டும். அடிக்கும்போது ஒன்றும் தெரியாது, பழைய கறையெல்லாம் அப்படியே நிற்கும். பழகாத ஆள் இங்கேதான் ஏமாந்து, தடிப்பாக்கி அடிப்பான். காயக்காயத்தான் வெள்ளை வெளியே வரும். மெல்லிய பூச்சாக மூன்று நான்கு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள்.

அந்த ஒரு நாளுக்கு யார் சம்பளம் கொடுப்பது? ரோலர் கொண்டு வருகிற பெயின்ற்காரர் சதுர அடிக் கணக்குப் பேசி, மூன்று அறையை இரண்டு நாளில் முடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். இவர்கள் காலையில் வந்து ஒரு பூச்சு அடித்துவிட்டுக் காய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். சுண்ணாம்பு வேலை எங்கள் ஊர்களில் அழிந்ததற்குச் சரக்கின் தரம் காரணமல்ல, இந்தக் காத்திருப்புத்தான் என்று நினைக்கிறேன். ஒருமுறை மட்டும் அது திரும்பி வந்தது. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நின்றுபோக, குடாநாட்டுக்குக் கொண்டுவரக்கூடாத பொருட்களின் பட்டியலில் சீமெந்தும் சேர்ந்தது. "அண்டைக்கு எங்களை வீடுவீடாத் தேடி வந்திச்சினம். பாதை திறந்து சீமெந்து வந்த கையோடை மறந்து போச்சினம்" என்றார் மேசன். சொல்லும்போது சிரித்தார்.

அந்தப் பெண்ணின் கையையும் பார்த்தேன். விரலிடுக்குகளில் வெடிப்பு, நகத்தைச் சுற்றித் தோல் தின்றிருக்கிறது. வேலை தொடங்குமுன் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்வார், அவ்வளவுதான் காப்பு. அக்கா வாங்கிக் கொடுத்த இறப்பர்க் கையுறை குசினி ஆணியில் தொங்கியது. அதைப் போட்டால் பதம் தெரியாதாம். ஒருநாள் பொடியனின் கண்ணில் துளி தெறித்தது. வாளி நிறையத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினார்கள். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடி போட்டு அடிக்கச் சொன்னேன். மறுநாள் வெயில் கண்ணாடியோடு வந்து, இருட்டுக் குசினிக்குள் தடவிக்கொண்டு நின்றான்.

கடைசி நாள், புகைக்கூட்டுச் செங்கட்டியில் மட்டும் ரொறன்ரோக்காரரின் ஆசை நிறைவேறியது. மேசன் ஈரச்சாக்கால் துடைக்க, வெள்ளைக்குள்ளிருந்து சிவப்பு மெல்ல வந்தது. அவருக்கே பிடித்துவிட்டது போல; தள்ளி நின்று பார்த்து இன்னும் இரண்டு இடத்தில் துடைத்தார். வீடியோ அழைப்பில் தம்பி பார்த்துக்கொண்டிருந்தார். இது எத்தனை வருசத்துக்குத் தாங்கும், பெயின்ற் கொம்பனி போல உத்தரவாதம் உண்டா என்று கேட்டார்.

"உத்தரவாதம் என்னெண்டா, பொங்கலுக்குப் பொங்கல் ஒருக்கால் அடிக்கவேணும்" என்றார் மேசன்.

"வாற பொங்கலுக்கு ஆரைப் பிடிக்கிறது அண்ணை?" இது அக்கா. பொடியன் அடுத்த கிழமை டைல் வேலைக்குப் போகிறான் என்பது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மேசன் பீப்பாவைக் கழுவிக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டினார். "பதம் முழுக்க அவவின்ரை கையிலை. நான் வராட்டியும் அவ வருவா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வாறன். மேசன் சம்பளம் தந்தா வாறன்."

அக்கா மேசனைப் பார்த்தார், மேசன் கூரையைப் பார்த்தார். தொலைபேசிக்குள்ளிருந்து தம்பி, "என்னவாம்? என்னவாம் கேக்கிறா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.